பிஸ்கட் டப்பாவில் என் பெயர்

ஏழாவது சீட்டைப் பிரித்தேன். முதல் வார்த்தையே என் பெயராக இருந்தது.

எதிரே பெஞ்சுகளில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர். பக்கத்தில் துறைத் தலைவர் பாஸ்கர் சார். அவருக்கு அந்தப் புறம் மூன்று ஆசிரியர்கள். என் இடக்கையில் நீல நிற பிஸ்கட் டப்பா, வலக்கையில் நான்காக மடித்திருந்த துண்டுத்தாள். லேபில் எப்போதும் இருக்கும் ஃபார்மலின் வாடை அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மூக்கில் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே திருமலைக்குப் போகும் பஸ்கள் வளைந்து வளைந்து மலை ஏறிக்கொண்டிருந்தன.

முதல் ஆறு சீட்டுகளைக் கணீரென்று படித்தவள் நான். ஏழாவதைப் பிரித்த கையோடு நிறுத்திவிட்டேன்.

“ஏமாயிந்தி மேடம்?” என்றார் பாஸ்கர் சார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் அந்த வாரத்துத் திங்கள்கிழமைக்குப் போக வேண்டும்.

போன வாரம் இந்தப் பகுதியில், சித்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நான் போட்ட சண்டைகளை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகி, “எஸ்தர் மேடம், நீங்கள் யாரிடமாவது தோற்றதே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறார். தோற்றிருக்கிறேனம்மா. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்து, ஒரு பல்கலைக்கழகத்துத் தாவரவியல் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்து, டீன் முதல் டிரைவர் வரை அத்தனை பேரிடமும் வாய் கொடுத்து ஜெயித்தவள்தான். இந்த பிஸ்கட் டப்பாவிடம் தோற்றேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அது.

பாட்டிலுக்கும் பஸ் பாஸ்

கோமதி எங்கள் எம்.எஸ்ஸி. மாணவி, சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். அப்பா நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, பரீட்சையில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் நீந்தி வந்தவள். ஹாஸ்டல் பட்டியலில் அவள் பெயர் காத்திருப்போர் வரிசையிலேயே நின்றுவிட்டது. அதனால் காலை ஆறு மணி பஸ். நாகலாபுரம், புத்தூர் எல்லாம் தாண்டி ஒன்பது மணிக்குள் திருப்பதி. சாயங்காலம் அதே பாதையில் திரும்ப வேண்டும்.

சவரப் பிளேடை வைத்துக்கொண்டு ஒரு தண்டைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்துக் காட்டினால் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கை வேண்டும். கோமதிக்கு அந்தக் கை இருந்தது. என் சர்வீஸில் அப்படிச் சீவிய பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அவள் செய்த ஸ்லைடுகளில் இரண்டை, ஜூனியர்களுக்குக் காட்டலாம் என்று நான் தனியாக எடுத்தே வைத்திருந்தேன்.

இரண்டாம் வருஷம் தொடங்கிய கொஞ்ச நாளில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. மத்தியானப் பிராக்டிகலில் பிளேடு வழுக்கும். உதடு வெடித்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருக்கும்.

“ஏண்டி, காலையில துன்னுட்டு வந்தியா இல்லியா?” என்பேன்.

“துன்னேன் மேடம்.”

“அப்புறம் ஏன் கை இப்படி ஆடுது?”

“ஒண்ணுமில்ல மேடம். பஸ்ல குலுங்கிக்கினே வந்தனா, அதான்.”

அவள் பையின் பக்கவாட்டில் ஒரு பச்சைத் தண்ணீர் பாட்டில் இருக்கும். காலையில் வரும்போது கழுத்து வரை நிறைந்திருக்கும். சாயங்காலம் போகும்போதும் கழுத்து வரை நிறைந்தே இருக்கும். என் வாய் சும்மா இருக்குமா? “இந்த பாட்டிலுக்கும் சேர்த்துப் பஸ் பாஸ் எடுத்துட்டியா? தெனம் திருப்பதி சுத்திக் காட்ட இட்டுனு வர்றியே!” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். இன்று அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நைனா கேட்ட டி.சி.

அந்தத் திங்கள்கிழமை காலை கோமதியின் அப்பா முனிரத்தினம் துறை அலுவலக வாசலில் வந்து நின்றார். கோமதி அதற்கு முன் ஒரு வாரமாகவே வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, “பொண்ணுக்கு டி.சி. வோணும்” என்றார்.

“இன்னாத்துக்கு?” என்று நான் குறுக்கே போனேன்.

“ஒடம்பு செரியில்ல மேடம்.”

“ஒடம்புக்கு இன்னா?”

அவர் சுவரில் மாட்டியிருந்த செடிப் படத்தைப் பார்த்தார். “செரியில்ல, அவ்ளோதான். ஊட்ல பேசி முடிச்சிட்டோம். கொஞ்ச நாளு இருந்து தேறட்டும். அப்பறம் எங்க பக்கம் கம்பெனிங்க கீது, பொண்ணுங்கல்லாம் போவுதுங்க. இவளும் போவட்டும்.”

இன்னும் ஆறு மாதம் இருந்தால் பட்டம். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போகிறாள் என்று நினைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. “கிளார்க் லீவுல கீறாரு. அடுத்த திங்கக்கெழம வாங்க” என்று சொல்லிவிட்டேன். கிளார்க் என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். பாவம், சட்டென்று புரிந்துகொண்டு, மேசைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவர் அதுவரை செய்த எல்லாத் தாமதங்களையும் மன்னித்தேன்.

முனிரத்தினம் போனதும் நேராகப் பாஸ்கர் சார் அறைக்குள் நுழைந்து பொரிந்து தள்ளினேன். டிஷ்யூ கல்ச்சர் என்று பாடத்தைப் போட்டுவிட்டு, நடத்த ஆள் போடாமல் இருந்தால் பிள்ளைகள் ஏன் இருக்கும்? ஹாஸ்டலில் இடம் தராமல் தினம் ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் அலையவிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? பாதி மைக்ராஸ்கோப் குருடு. இதையெல்லாம் யார் கேட்பது?

பாஸ்கர் சார் நல்ல மனிதர். மதனப்பள்ளிக்காரர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே தவிரக் குரலை உயர்த்த மாட்டார். துடைத்துக்கொண்டே, “பிள்ளைகளையே கேட்டுவிடலாமே மேடம். எப்படியும் மீட்டிங் மினிட்ஸ் வேண்டும்” என்றார். இங்கே நாங்கள் பேசியது முக்கால்வாசி தெலுங்கு. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அன்னீ பாகுன்னாயி

மினிட்ஸ் கதை ஒரு தனிக் கதை. பருவத்துக்கு ஒரு முறை மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து பாடம், லேப், லைப்ரரி பற்றிய குறைகளைப் பேச வேண்டும் என்று ஒரு விதி. எங்கள் துறையில் மினிட்ஸ் புத்தகம் ஒழுங்காக எழுதப்பட்டு வந்தது. கூட்டம்தான் நடந்ததே இல்லை. ‘மாணவர்கள் திருப்தி தெரிவித்தனர். தேநீர் வழங்கப்பட்டது’ என்று பருவம் தவறாமல் இருக்கும். அந்தத் தேநீரை யார் குடித்தார்களோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

புதன்கிழமை நிஜமாகவே கூட்டம் போட்டோம். பாஸ்கர் சார் அன்பாகத்தான் கேட்டார். “சமஸ்யலு ஏமைனா உன்னாயா?” குறைகள் ஏதாவது உண்டா?

முப்பது பேரும் ஒரே குரலில், “அன்னீ பாகுன்னாயி சார்!” எல்லாம் நன்றாக இருக்கிறதாம். மார்க் போடுகிற கை எதிரே மேசைமேல் இருக்கும்போது எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? ஐந்து நிமிஷத்தில் கூட்டம் முடிந்தது. தேநீர் மட்டும் இந்தத் தடவை உண்மை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திங்கள்கிழமை முனிரத்தினம் வந்துவிடுவார். கிளார்க்கை எத்தனை வாரம் மேசைக்கு அடியில் ஒளித்து வைக்க முடியும்? சாயங்காலம் பஸ் சந்திரகிரி தாண்டும்போதுதான் எங்கள் பாஸ்டரம்மாவின் நினைவு வந்தது.

பாஸ்டரம்மாவின் சுருதி

சித்தூரில் எங்கள் சபை மிஷன் காலத்துச் சபை. வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபக் குறிப்பைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போட வேண்டும். கூட்டம் நடத்துகிறவர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பார். எடுத்த சீட்டை ஒரு எழுத்து விடாமல் படித்தாக வேண்டும். யார் எழுதியது என்று தேடக் கூடாது. படித்து முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும், எதிர்ப்பேச்சு பேசக் கூடாது. மாமியாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மருமகள், மாமியாருக்கு நல்ல புத்தி கேட்டு எழுதிப் போடுவாள். மாமியாரும் கண்ணை மூடி உருக்கமாக ஆமென் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டரம்மாவே படித்துக்கொண்டிருந்தார். ஒரு சீட்டைப் பிரித்தார். “ஆண்டவரே, எங்கள் பாஸ்டரம்மா பாட்டை உச்சத்தில் ஆரம்பிக்கிறார். எங்களால் ஏற முடியவில்லை. அவருக்குக் கொஞ்சம் கீழ்ச் சுருதியைத் தாரும்.” பாஸ்டரம்மா முழுக்கப் படித்தார், ஆமென் என்றார், அடுத்த சீட்டுக்குப் போனார். கடைசிப் பாட்டைக் கீழேயிருந்து ஆரம்பித்தார். எழுதியது நான்தான். இத்தனை வருஷம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். இதைப் படித்தால் அவர் என்னை மன்னிக்கட்டும்.

வியாழக்கிழமை காலை வீட்டிலிருந்த நீல பிஸ்கட் டப்பாவின் மூடியில் கத்தியால் ஒரு வாய் கிழித்து லேபுக்கு எடுத்துப் போனேன். விதிகளைச் சொன்னதும் பாஸ்கர் சாருக்குப் பிடித்துவிட்டது. “ஆமென் மட்டும் வேண்டாம் மேடம், மினிட்ஸில் எழுத முடியாது” என்றார். ஆசிரியர்களும் சீட்டுப் போடலாம் என்று நான் சேர்த்துக்கொண்டேன். அன்று முழுக்க டப்பா லேப் வாசலில் இருந்தது. சாயங்காலம் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்.

நாற்காலி இல்லாதவர்

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி கூடினோம். படிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோமதிக்காக வாதாட வந்த வக்கீல் போலத்தான் நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சீட்டு: “டிஷ்யூ கல்ச்சர் பேப்பர் எடுத்திருக்கிறோம். செடியின் துணுக்கைக் குப்பிக்குள் வளர்க்க வேண்டுமாம். ஒரு குப்பியையும் நாங்கள் தொட்டதில்லை. போர்டில் வரைந்த படம்தான் எங்களுக்கு லேப்.” பாஸ்கர் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

இரண்டாவது, ஹாஸ்டல் பட்டியல். மூன்றாவது, வகுப்பு முடிகிற அதே நேரத்துக்கு லைப்ரரியைப் பூட்டினால் எப்போது போய்ப் படிப்பது என்று கேட்டது. நான்காவது ஏதோ ஒரு குறும்புக்காரப் பிள்ளை: “கேன்டீன் சாம்பாரில் தாவரம் ஏதாவது இருக்கிறதா என்று நம் துறை ஆராய்ந்து சொல்ல வேண்டும்.” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்கர் சாரே சிரித்துவிட்டார்.

ஐந்தாவது: “நான் நாலு பேப்பர் எடுக்கிறேன். உட்கார எனக்கு நாற்காலி கிடையாது. யார் லீவோ அவர் நாற்காலியில் உட்கார்கிறேன்.” பெயரில்லாத சீட்டுதான். ஆனால் துறையில் கெஸ்ட் லெக்சரர் ஒரே ஒருத்தர்தான். மனிதர் முகம் சிவந்து தரையைப் பார்த்தார். பாஸ்கர் சார் எழுந்து தன் அறைக்குப் போனார். பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த நல்ல நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டார். யார் எழுதியது என்று தேடக் கூடாது என்ற விதியை மீறிவிட்டார்தான். அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

ஆறாவது, குருட்டு மைக்ராஸ்கோப்புகள். அதைப் படிக்கும்போது பாஸ்கர் சாரைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். நான் சொன்னேனா இல்லையா என்று அர்த்தம். அந்த மிதப்போடுதான் ஏழாவதை எடுத்தேன்.

‘நோக்கம்’ என்ற கட்டம்

மடித்து வைத்துவிட்டு, “இது வெறும் தாள்” என்று சொல்லியிருக்கலாம். எழுதிய பிள்ளை ஒருத்தியைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பாஸ்டரம்மா முகம் வந்தது. படித்தேன்.

“எஸ்தர் மேடம் லேபுக்குப் பக்கத்து லேடீஸ் டாய்லெட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். சாவி வேண்டுமென்றால் ரிஜிஸ்டரில் பெயர், நேரம், நோக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரிஜிஸ்டர் இருக்கும் மேசையருகே பையன்களும் சார்களும் நிற்கிறார்கள். அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. எங்களில் ஒருத்திக்கு மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் படிப்பை விடப் போகிறாள்.”

எல்லாம் உண்மை. கீழ்த்தளத்து டாய்லெட் குழாய் உடைந்து ஒரு வருஷமாகக் கிடந்தது. அடுத்த பிளாக்குக்கு வெயிலில் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். தண்ணீர் வந்தது லேபுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒன்றில் மட்டும்தான், ஏனென்றால் லேப் தொட்டியிலிருந்தே அதற்கும் குழாய் போனது. ஒரு நாள் யாரோ குழாயை மூடாமல் போய், தொட்டி காலியாகி, தண்ணீர் காய்ச்சி வடிக்கிற கருவி காய்ந்து கருகிவிட்டது. அடுத்த நாளே பூட்டு வாங்கிப் போட்டேன்.

லேபில் ஒரு சொட்டு ஆசிட் கொடுத்தாலும் ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய கை இது. சாவிக்கும் அப்படியே ஒரு ரிஜிஸ்டர் வைத்தேன். தேதி, பெயர், பொருள், நோக்கம், எடுத்த நேரம், தந்த நேரம், கையெழுத்து. ரசாயனப் பொருளுக்கு அச்சடித்த அதே ரிஜிஸ்டர். ஒரு பெண் பிள்ளை அந்த ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லவே இல்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தேன். ஒரு பெயர்கூட இல்லை. அதை எடுத்துப் போய்ப் பாஸ்கர் சாரிடம் காட்டி, “பாருங்க சார், யாருக்கும் தேவைப்படவே இல்லை” என்று சொன்னவள் நான். இரண்டரை மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஏழு மணி நேரம் காலேஜில் இருந்து, மறுபடி பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்குத் தேவையே படவில்லையாம்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? சித்தூரில் நான் பி.எஸ்ஸி. படித்தபோது எங்கள் காலேஜிலும் பெண்களுக்கு ஒன்றும் கிடையாது. மத்தியான மணி அடித்ததும் நாங்கள் நாலு பேர் மிஷன் காம்பவுண்டுக்கு ஓடுவோம். அங்கே ரூபி அக்கா என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவர் டியூட்டிக்குப் போகும்போது பின்கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைத்துவிட்டுப் போவார். வாளியில் தண்ணீர் நிரப்பியிருக்கும். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பார்த்தால் வேறு எதையாவதுதான் பேசுவார். அந்தக் கதவால் படித்து வேலைக்கு வந்தவள்தான், இந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன்.

ஆமென்

படித்து முடித்தேன். பாஸ்கர் சார், “வதிலேயண்டி மேடம்” என்றார் மெதுவாக. விட்டுவிடுங்கள் என்கிறார்.

என் வாயிலிருந்து, பழக்க தோஷத்தில், “ஆமென்” என்று வந்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஸ்ராவணி என்று ஒரு பெண், வெங்கடேசப் பெருமாள் படம் போட்ட பேனாவைத் தவிர வேறு பேனா தொடாதவள், எழுந்து நின்றாள். “ஆமென் மேடம்” என்றாள். பக்கத்தில் இருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள்.

சீட்டில் இருந்த கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனை பேருடைய ரெக்கார்டு நோட்டையும் அடுக்கி வைக்கிறவளுக்கு யார் எழுத்து என்று தெரியாமல் இருக்குமா? பார்த்ததுமே தெரிந்தது. கோமதியுடையது அல்ல, அவள்தான் அன்று வரவேயில்லையே. யாருடையது என்று இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்ல மாட்டேன்.

ரிஜிஸ்டரை எடுத்து வந்தேன். கிழித்துப் போடத்தான் கை துடித்தது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட சர்க்கார் புத்தகம், கிழித்தால் ஆடிட்டில் மாட்டுவேன். சிவப்பு மையால், ‘இந்தப் பதிவேடு இத்துடன் மூடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தில் விழுந்த ஒரே கையெழுத்து அது. அப்புறம் போய்ப் பூட்டைக் கழற்றினேன். “மினிட்ஸில் எழுதிக்கோங்க சார்” என்றேன். எழுதினார், தன் கையாலேயே.

வடிக்கிற கருவிக்குத் தனித் தொட்டி வைக்க மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை தினம் காலையில் அதற்கு இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வைத்தேன். அதில் ஒரு சிரமமும் இல்லை. முதலிலேயே செய்திருக்கலாம்.

சத்தியவேடு பஸ்

சனிக்கிழமை காலை திருப்பதி வந்து சத்தியவேடு பஸ் ஏறினேன். வெயில் கொளுத்தியது. புத்தூரில் பஸ் நின்றபோது ஒரு பாட்டில் தண்ணீரை வாங்கி அப்படியே குடித்தேன். நாகலாபுரம் தாண்டியதும் வினை ஆரம்பித்தது. பஸ் ஒவ்வொரு குழியில் விழும்போதும் ஆண்டவரே, ஆண்டவரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பெண் தினம் இரண்டு தடவை இந்த ரோட்டில் போய்வந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். கோமதியின் அம்மா திறந்தார். வணக்கம் சொல்லக்கூட நேரமில்லை. “அம்மா, நான் கோமதி காலேஜ்லேர்ந்து வரேன். மொதல்ல பாத்ரூம் எங்க கீது?” என்றேன்.

அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பி வந்தபோது கோமதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. முனிரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

“நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல?” என்றேன் அவரிடம்.

“எப்பிடி மேடம் சொல்றது? வயசுப் பொண்ணு சமாச்சாரம். ஆபீஸ்ல நாலு ஆம்பளைங்க ஒக்காந்துக்கினு கீறாங்க. ஒடம்பு செரியில்லன்னுதான் சொல்ல முடியும்.”

அவரும் அதே கட்டத்தின் முன்னால்தான் நின்றிருக்கிறார். நான்தான் “இன்னாத்துக்கு, இன்னாத்துக்கு” என்று நோக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தப்பு என்னுது” என்றேன். “பூட்டுனதும் நான், ரிஜிஸ்டர் வெச்சதும் நான். இப்போ பூட்டு இல்ல. யாரும் எழுத வேணாம், யாரையும் கேக்க வேணாம். பாட்டிலை வெச்சு உன்னைக் கிண்டல் பண்ணேன் பாரு, அதுக்கும் சேர்த்து மன்னிச்சிடும்மா.”

கோமதி போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். “ஒரு நாளு எழுதலாம்னு பேனாகூட எடுத்துட்டேன் மேடம். பேரு எழுதிட்டா அடுத்து நோக்கம். இன்னா எழுதறதுன்னே தெர்ல. யோசிச்சிக்கினே நின்னனா, பக்கத்துல ஒரு சார் வந்து ஆசிட்டுக்கு எழுதறதுக்காக நின்னாரு. பேனாவ மூடிட்டு வந்துட்டேன்.”

நான் சும்மா அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதேன். கோமதியின் அம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

கிளம்பும்போது முனிரத்தினம் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்த பிறகுதான் கேட்டார்.

“திங்கக்கெழம வரச் சொன்னீங்களே மேடம். கிளார்க்கு வந்துடுவாரா?”

“வர மாட்டாரு” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

திங்கள்கிழமை

ஒன்பது மணி. கோமதி வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. பத்து மணிக்குக் கிளார்க் எட்டிப் பார்த்து, “மேடம், நான் சீட்டில் இருக்கலாமா, போய்விடட்டுமா?” என்று கேட்டார். போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வாசலில் ஆண் பிள்ளைச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முனிரத்தினமோ என்று எட்டிப் பார்த்தேன்.

பதினொரு மணிப் பிராக்டிகல் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். தனியாகத்தான் வந்தாள். வழியில் பஸ் பஞ்சராம். யாரிடமும் ஒன்றும் பேசாமல் தன் இடத்துக்குப் போய்ப் பையை வைத்தாள். பச்சை பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தாள். மடக் மடக்கென்று பாதி பாட்டில் காலியானது. ஸ்ராவணி வெட்டிக்கொண்டிருந்த தண்டை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். நான் பார்க்காதது போலக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தாள். நடுவில் ஒரு தடவை எழுந்து வெளியே போனாள். யாரும் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, பிளேடை எடுத்துச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கை நின்ற இடத்தில் நின்றது.

அப்புறம் தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“மேடம், இதுல லைட்டே வர்ல. எத்தினி நாளா சொல்றது? வேற குடுங்க.”

சீட்டு இல்லை, டப்பா இல்லை. நல்ல மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.